மன்ரேசாவில் புனித இஞ்ஞாசியார்: அச்சம் நோயாகும்போது



ஆண்டுதோறும் ஜூலை 31 அன்று திருச்சபை புனித லொயோலா இஞ்ஞாசியாரின் திருநாளைச் சிறப்பிக்கின்றது. பீரங்கிக் குண்டு பட்டுக் காலொடிந்த படைவீரர், படுக்கையில் புனிதர்களின் வரலாற்றைப் படித்து மனம் மாறினார், இயேசு சபையைத் தோற்றுவித்தார், நமது முத்துக்குளித்துறைக்குப் புனித சவேரியார் வரக் காரணமாக இருந்தார். இவை எல்லாம் மறைக்கல்வி வகுப்பிலேயே நாம் கேட்டறிந்தவை.

ஆனால் மனமாற்றத்திற்கும் சபை தொடங்கியதற்கும் இடையே அவர் வாழ்வில் ஒரு பகுதி உண்டு. மறையுரைகளில் அதை ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். 1522ஆம் ஆண்டில் இஞ்ஞாசியார் தம் உயிரையே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரை தள்ளப்பட்டார். அவரை அங்கே தள்ளியது பாவம் அல்ல. பாவம் செய்துவிட்டோமோ, அதைச் சரியாக அறிக்கையிடவில்லையோ என்ற ஓயாத அச்சமே.

இது யாரோ கட்டிச் சொன்ன கதை அல்ல. 1553 முதல் 1555 வரை உரோமையில் கொன்சால்வெஸ் த காமரா என்ற தம் சபை அருள்பணியாளரிடம் இஞ்ஞாசியார் தம் வாழ்வை வாய்மொழியாகச் சொன்னார். அதில் இப்பகுதியை மறைக்காமல் சொன்னார். சபைத் தலைவர் என்ற நிலையில் இருந்தவர் மறைத்திருக்கலாம். மறைக்காததால் இன்று நமக்குப் பயன்படுகின்றது.

படைவீரர் திருப்பயணி ஆனார்

1491ஆம் ஆண்டு வாக்கில் ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியில் உள்ள லொயோலா மாளிகையில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இனிகோ. பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. அரசவைப் பழக்கமும் புகழாசையும் நிறைந்த இளைஞர். 1521ஆம் ஆண்டு மே 20 அன்று பம்பலோனா கோட்டையில் பிரெஞ்சுப் படையை எதிர்த்து நின்றபோது குண்டு பட்டு வலக்கால் எலும்பு முறிந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. மீண்டும் உடைத்துப் பொருத்தினார்கள். துருத்தி நின்ற எலும்பு காலணிக்கு அழகாக இராது என்பதற்காக, அதையும் அறுத்தெடுக்கச் சொல்லி வலியைப் பொறுத்துக்கொண்டார். எடுத்ததை எல்லை வரை கொண்டுபோகும் பிடிவாதம் அவருடைய இயல்பு. இதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

படுக்கையில் கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர்களின் வரலாறும் அவர் மனத்தைத் திருப்பின. 1522 மார்ச் மாதம் மொன்செராத் மலைத்திருத்தலத்திற்குச் சென்றார். தம் வாழ்நாள் பாவங்களை எல்லாம் எழுதி வைத்து, மூன்று நாள்கள் செலவிட்டுப் பொதுப் பாவசங்கீர்த்தனம் செய்தார். நல்லாடைகளை ஏழை ஒருவருக்குக் கொடுத்தார். வாளையும் குத்துவாளையும் அன்னை மரியாவின் பீடத்தருகே விட்டுவிட்டு, இரவு முழுவதும் விழித்திருந்து செபித்தார். மறுநாள் விடியற்காலையில் கார்தொனேர் ஆற்றங்கரையில் உள்ள மன்ரேசா என்ற சிற்றூருக்குப் போனார். சில நாள்கள் மட்டும் தங்க நினைத்தவர் ஏறக்குறைய 11 மாதங்கள் அங்கே இருந்தார்.

அமைதி கலைந்தது

முதல் சில மாதங்கள் மகிழ்ச்சியாகவே கழிந்தன. பிச்சை எடுத்து உண்டார். இறைச்சி உண்பதில்லை. முடியையும் நகத்தையும் வெட்டுவதில்லை. நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபித்தார். பிறகு ஒருநாள், இன்னும் 70 ஆண்டுகள் வாழ வேண்டியிருந்தால் இந்த வாழ்வை எப்படித் தாங்குவாய் என்ற எண்ணம் திடீரென எழுந்தது. அதை அவர் எதிர்த்து விலக்கினார். ஆனால் அன்றிலிருந்து மனம் மேலும் கீழும் ஆடத் தொடங்கியது.

அதன்பின் வந்தது பெரிய சோதனை. மொன்செராத்தில் செய்த பாவசங்கீர்த்தனத்தில் ஏதோ விட்டுப்போயிற்று என்ற ஐயம். மீண்டும் அறிக்கையிட்டார். நிம்மதி இல்லை. அவ்வூர்ப் பேராலயத்தில் போதித்துவந்த கற்றறிந்த குரு ஒருவர், நினைவில் உள்ள அனைத்தையும் எழுதி அறிக்கையிடும்படி சொன்னார். அப்படியே செய்தார். ஐயங்கள் போகவில்லை, முன்னைவிட நுண்ணியவையாகத் திரும்பி வந்தன. கடந்தகாலப் பாவங்களை இனி அறிக்கையிட வேண்டாம் என்று ஆன்ம குரு கட்டளையிட்டால் விடுதலை கிடைக்குமே என்று உள்ளூர நினைத்தார். ஆனால் அதைக் கேட்கத் துணிவில்லை. பிறகு குருவே, மிகத் தெளிவான பாவமாக இருந்தாலன்றிப் பழையதைச் சொல்ல வேண்டாம் என்றார். இதுவும் உதவவில்லை. அவருக்கு எல்லாமே மிகத் தெளிவான பாவமாகவே தெரிந்தது.

அந்நாள்களில் அவர் தொமினிக்கன் துறவியரின் இல்லத்தில் ஒரு சிற்றறையில் தங்கியிருந்தார். ஒரு நாய்க்குட்டியின் பின்னால் நடந்தால்தான் தீர்வு கிடைக்கும் என்றாலும் நடப்பேன் என்று ஆண்டவரிடம் கதறினார். உயிரை முடித்துக்கொள்ளும் தூண்டுதல் மீண்டும் மீண்டும் வந்தது. கடவுளை மனம் நோகச் செய்யும் அச்செயலைச் செய்யமாட்டேன் என்று உரக்கச் சொல்லிச் சொல்லித் தம்மைக் காத்துக்கொண்டார்.

பிறகு கடும் உண்ணாநோன்பை மேற்கொண்டார். ஒரு ஞாயிறு முதல் அடுத்த ஞாயிறு வரை ஒன்றும் உண்ணவில்லை. செபமும் முழந்தாளும் ஒருநாளும் குறையவில்லை. ஞாயிறன்று இதை அறிந்த ஆன்ம குரு, நோன்பை விடாவிட்டால் பாவமன்னிப்பு தரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்து உண்டார். இரண்டு நாள்கள் அமைதி. மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை, செபத்தில் இருக்கும்போதே பழைய பாவங்கள் நூலில் கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. மீண்டும் எல்லாவற்றையும் அறிக்கையிட வேண்டும் என்ற நெருக்கடி. இறுதியில், தொடங்கிய வாழ்வையே விட்டு ஓடிவிடலாம் என்ற வெறுப்பு அவரைப் பற்றிக்கொண்டது.

அங்கேதான் ஆண்டவர் அவரை உறக்கத்திலிருந்து எழுப்புவதுபோல் எழுப்பினார். இந்த எண்ணம் எப்படி நுழைந்தது, தம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று அவர் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். முடிவில் கிடைத்தது மனவருத்தமோ அன்போ அல்ல, வெறுப்பும் ஓட்டமும்தான். அப்படியானால் இது கடவுளின் குரலாக இருக்க முடியாது என்று கண்டார். கடந்தகாலப் பாவங்கள் எதையும் இனி அறிக்கையிடுவதில்லை என்று தெளிவாக முடிவெடுத்தார். அன்று முதல் அந்த ஐயங்கள் அவரை விட்டு நீங்கின.

அதன்பின் வேறு மாற்றங்களும் வந்தன. நகத்தையும் முடியையும் வெட்டினார். இறைச்சி உண்ணத் தொடங்கினார். படுக்கப் போகும் நேரத்தில் பெரும் ஆன்மிக ஆறுதல்கள் வந்து தூக்கத்தைக் கெடுத்தபோது, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்குவதே சரி என்று முடிவு செய்தார். கடவுளிடமிருந்து வருவதுபோல் தோன்றுகிறது என்பதற்காக எல்லாவற்றையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

செருப்புக்குள் ஒரு சிறு கல்

இவ்வகை ஐயத்தை இலத்தீன் மொழியில் ஸ்குரூப்புலுஸ் என்பார்கள். கூரான சிறு கல் என்பது அதன் பொருள். செருப்புக்குள் புகுந்த கல் எவ்வளவு சிறிதானாலும் ஒவ்வோர் அடியிலும் குத்தும். புனித அல்போன்ஸ் லிகோரியார் பெரிய அறநெறி இறையியல் அறிஞர். ஒப்புரவு அருட்சாதனம் வழங்கும் குருக்களுக்குப் பாதுகாவலராக 1950இல் அறிவிக்கப்பட்டவர். அவரும் இந்தக் கல் குத்தியே நடந்தார். குழந்தை இயேசுவின் புனித தெரசாவும் சிறு வயதில் ஓராண்டுக்கு மேல் இதனால் துன்புற்றார்.

இன்றைய மருத்துவம் இத்தகைய துன்பத்தை எண்ண சுழற்சி நோயின் ஒரு வடிவமாகப் பார்க்கின்றது. ஓ.சி.டி. என்று பலரும் கேள்விப்பட்டிருப்போம். நெடுங்காலம் இது பதற்ற நோய்களில் ஒன்றாகவே எண்ணப்பட்டது. 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைத் தனிப்பிரிவாக வகைப்படுத்தினார்கள். ஆயினும் பதற்றமே அதன் எரிபொருள். 500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புனிதருக்கு இன்று நாம் நோயின் பெயரைச் சூட்ட முடியாது. ஆனால் அவர் சொன்ன அனுபவத்தை இன்றைய மருத்துவர் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்.

அது வேலை செய்யும் முறை இதுதான். முதலில் விரும்பாத ஓர் எண்ணம் வலுக்கட்டாயமாக வருகின்றது. கை அசுத்தமாகிவிட்டது, கதவைப் பூட்டவில்லை, செபத்தின்போது கெட்ட நினைவு வந்துவிட்டது, நற்கருணையைத் தகுதியின்றி வாங்கிவிட்டேன். எண்ணம் வந்ததும் பதற்றம். பதற்றத்தைத் தணிக்க ஒரு செயல்: மறுபடி கழுவுவது, மறுபடி பூட்டைப் பார்ப்பது, மறுபடி அறிக்கையிடுவது. உடனே சிறிது நிம்மதி. அந்த நிம்மதிதான் கண்ணி. அச்செயல்தான் தன்னைக் காப்பாற்றியது என்று மூளை கற்றுக்கொள்கின்றது. அடுத்த முறை இன்னும் விரைவாக, இன்னும் வலுவாக அபாயமணி அடிக்கின்றது. இஞ்ஞாசியார் ஒவ்வொரு முறை அறிக்கையிட்டபோதும் ஐயம் நுண்மையாகித் திரும்பியதன் காரணம் இதுவே.

பதற்ற நோய்கள் இன்னும் பல வகைப்படும். காரணமின்றி எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் கவலைப்படுவது ஒரு வகை. திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, இப்போதே இறந்துவிடுவேன் என்று தோன்றுவது மற்றொரு வகை. நாலுபேர் முன்னால் பேசவும் உண்ணவும் நடுங்குவது இன்னொரு வகை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் பதற்ற நோய் உள்ளவர்கள் 30 கோடிக்கும் மேல். பொருத்தமான சிகிச்சை பெறுவோர் ஏறக்குறைய நான்கில் ஒருவரே. நம் பங்கின் ஞாயிறு திருப்பலியில் அவர்களும் நம்மோடு அமர்ந்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை.

நாம் செய்த தவறு

இங்கே நம் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது எதுவும் வெளியே வராது. இது பங்கு இல்லத்தில், அனைவரும் அறிய நடந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் இளைஞர் ஒருவர் கோவிலில் நெடுநேரம் செபமாலை சொல்வார். ஒரு செபமாலைக்கு இரண்டு மணி நேரமும் ஆகும். அவருடைய பக்தியை மற்ற இளைஞர்களுக்கு எடுத்துக்காட்டாக நாமே பீடத்திலிருந்து சொன்னோம். ஒருநாள் அவருடைய தந்தை வந்து, பையன் கல்லூரியை நிறுத்திவிட்டான், சாப்பாடும் சரியில்லை சாமி என்று அழுதார். விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஒரு சொல் கவனமின்றிப் போய்விட்டது என்று தோன்றினால் அந்தப் பத்து மணியையும் அவர் முதலிலிருந்து தொடங்குவார். அது பக்தி அல்ல, சித்திரவதை.

அப்போதும் நாம் சரியானதைச் செய்யவில்லை. நவநாள் செய்யுங்கள், இன்னும் உருக்கமாகச் செபிக்கச் சொல்லுங்கள் என்று அனுப்பினோம். தாகத்தால் தவித்தவருக்கு உப்புநீர் கொடுத்ததற்குச் சமம் அது. குருமடத்தில் இஞ்ஞாசியாரின் ஐயங்களைப் பற்றித் தேர்வு எழுதியிருக்கிறோம். கண்முன் வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. அவருக்குச் செவிலியர் பணியில் இருந்த உறவினர் ஒருவர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். ஓராண்டில் அவர் மீண்டும் படிக்கப் போனார். இன்று அவர் நலமாக இருக்கிறார். செபமாலையும் சொல்கிறார், 20 நிமிடங்களில்.

சிகிச்சை என்றால் என்ன?

எண்ண சுழற்சி நோய்க்கு முதன்மையான சிகிச்சைகள் இரண்டு. ஒன்று, பயிற்சி பெற்ற உளவியலாளர் தரும் நடத்தை சிகிச்சை. இலண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழிகாட்டியது. அச்சம் தரும் சூழலைப் படிப்படியாக நோயாளி எதிர்கொள்வார். ஆனால் அச்சத்தைத் தணிக்க வழக்கமாகச் செய்யும் செயலைச் செய்யாமல் இருப்பார். பதற்றம் ஏறும், சிறிது நேரத்தில் தானாகவே இறங்கும். அந்தச் செயல் இல்லாமலே தாக்குப்பிடிக்க முடியும் என்று மூளை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்ளும். பழையதை இனி அறிக்கையிடுவதில்லை என்று மன்ரேசாவில் இஞ்ஞாசியார் எடுத்த முடிவை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். மற்றப் பதற்ற நோய்களுக்கும் இதையொட்டிய பேச்சு வழி, நடத்தை வழிச் சிகிச்சைகள் உண்டு.

இரண்டாவது மருந்து. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டைச் சீர்ப்படுத்தும் மருந்துகள் பெரும்பாலும் தரப்படுகின்றன. இவை தூக்க மாத்திரைகள் அல்ல. பழக்க அடிமையாக்கும் போதைப்பொருளும் அல்ல. ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எண்ண சுழற்சி நோய்க்கு இரண்டு, மூன்று மாதங்கள்கூட ஆகலாம். பத்து நாளில் குணமில்லை என்று நிறுத்துவதும், சற்றுக் குணமானதும் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவதும் தவறு. சிலருக்கு ஒரு சிகிச்சை போதும், சிலருக்கு இரண்டும் வேண்டும்.

இஞ்ஞாசியார் ஒரே முடிவில் விடுபட்டாரே, நமக்கு ஏன் மருத்துவர் என்று யாரும் கேட்க வேண்டாம். அவருக்குக் கிடைத்தது தனி அருள். அதற்கு முன் அவர் பட்ட பாட்டையும் மறக்க வேண்டாம். அந்நாள்களின் கடும் நோன்பு அவர் உடலைக் கெடுத்தது. வயிற்றுவலி வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. மருத்துவரை உருவாக்கியவரும் ஆண்டவரே என்று சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கின்றது. சாக விரும்பிக் களைத்துப் படுத்த இறைவாக்கினர் எலியாவுக்கு வானதூதர் முதலில் அறிவுரை சொல்லவில்லை, அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்.

காயம் பட்டவர் மருத்துவரானார்

தாம் கற்றதை இஞ்ஞாசியார் பிறருக்குப் பயன்படுத்தினார். 1529இல் பாரிஸ் நகரில் பேதுரு ஃபேபர், பிரான்சிஸ் சவேரியார் ஆகியோருடன் ஒரே அறையில் தங்கினார். ஃபேபரும் தம் பழைய பாவசங்கீர்த்தனங்களைப் பற்றிய ஐயங்களால் வாடியவர். இஞ்ஞாசியார் அவசரப்படவில்லை. ஒருமுறை பொதுப் பாவசங்கீர்த்தனம், பின் வாரந்தோறும் ஒப்புரவும் நற்கருணையும், நாள்தோறும் ஆன்ம ஆய்வு என்று ஓர் ஒழுங்கைத் தந்தார். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் காத்திருந்து, 1534இல்தான் அவருக்கு ஆன்மிகப் பயிற்சிகளைக் கொடுத்தார். அந்த ஃபேபர் முதல் தோழர்களுள் முதலில் குருவானார். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார்.

1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் இந்த ஐயங்களைப் பற்றி இஞ்ஞாசியார் தனிக்குறிப்புகள் எழுதியுள்ளார். தரையில் கிடந்த இரு வைக்கோல் துண்டுகள் சிலுவைபோல் அமைந்திருக்க, தற்செயலாக மிதித்தவர் பாவம் செய்தேன் என்று நினைப்பது வெறும் தவறான கணிப்பு என்கிறார். அதன்பின் பாவமோ, இல்லையோ என்று மாறி மாறி அலைக்கழிப்பதே உண்மையான ஐயம். ஏற்கெனவே மென்மையான உள்ளத்தைத் தீயவன் இன்னும் மென்மையாக்கப் பார்ப்பான், அத்தகையவர் எதிர்த்திசையில் நடந்து நடுநிலையில் நிற்க வேண்டும் என்று வழிகாட்டுகிறார். அதே 1548இல் புனித பிரான்சிஸ் போர்ஜியா கடும் தவமுயற்சிகளில் ஈடுபட்டதை அறிந்து, செபநேரத்தையும் நோன்பையும் குறைத்து உடலைப் பேணும்படி எழுதினார். மன்ரேசாவில் எட்டு நாள் உண்ணாதிருந்தவர் எழுதிய மடல் இது!

1556 ஜூலை 31 அன்று உரோமையில் இஞ்ஞாசியார் இறந்தார். 1622இல் சவேரியாருடன் சேர்த்துப் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நம் பங்குகளில்

ஐயத்தால் வாடுவோர் முதலில் ஒன்றை அறிய வேண்டும். கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் மூன்றும் சேர்ந்தால்தான் சாவான பாவம் என்பது திருச்சபையின் போதனை. வேண்டாமலே மனத்தில் நுழைந்து உங்களை நடுங்கச் செய்யும் எண்ணம் உங்கள் சம்மதம் அல்ல. நல்ல மனத்தோடு அறிக்கையிட்டவருக்கு, மறந்துபோன பாவங்களும் மன்னிக்கப்படுகின்றன. ஒரே ஆன்ம குருவைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஊர் ஊராகக் குருக்களைத் தேடி அதே கேள்வியைக் கேட்பது அந்தக் கல்லை இன்னும் அழுத்தும். அவரிடம் உங்கள் துன்பத்தைத் திறந்து சொல்லுங்கள், மருத்துவரையும் பாருங்கள். ஒருவர் மற்றவருக்கு மாற்று அல்ல.

குடும்பத்தாரே, இது பேய்பிடித்ததோ சோம்பலோ அல்ல. கல்யாணம் செய்தால் சரியாகும் என்று நாள் கடத்தாதீர்கள். அவர்கள் கேட்கும்போதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று நூறுமுறை உறுதி சொல்வதும் உதவாது, அதட்டுவதும் உதவாது. உடன் அழைத்துச் செல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி சேவைக்கு 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழவே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால், அவர்களைத் தனியே விடாதீர்கள். அன்றே உதவி தேடுங்கள். அந்த எண்ணம் வந்ததாலேயே ஒருவர் கெட்டவர் ஆகிவிடுவதில்லை. ஒரு புனிதருக்கும் அது வந்தது.

உடன்பணியாற்றும் குருக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே பாவத்தை மீண்டும் மீண்டும் கொண்டுவருபவருக்கு நீண்ட அறிவுரையும் கூடுதல் செபங்களும் தேவையில்லை. தெளிவான, கனிவான, சுருக்கமான சொல் போதும். அத்துடன், நல்ல மனநல மருத்துவர் ஒருவரின் முகவரியும் நம் கையில் இருக்கட்டும்.

மன்ரேசாவின் சிற்றறையில் இஞ்ஞாசியார் கேட்ட அதட்டும் குரல் ஆண்டவருடையது அல்ல என்று கண்டுகொள்ள அவருக்கு மாதங்கள் பிடித்தன. நம் நடுவே அதே அறையில் அடைபட்டிருப்பவர்கள் அதை விரைவில் கண்டுகொள்ள நாம் உதவுவோம்.

புனித இஞ்ஞாசியாரே, அச்சத்தால் வாடுவோர் அனைவருக்காகவும், அவர்களைப் பேணும் குடும்பத்தார், மருத்துவர்களுக்காகவும் இறைவனை மன்றாடும். ஆமென்.